அரிசி டிரம்முக்குத் தெரிந்த பௌதிகம்

கல்கத்தாவில் வாழும் தமிழனுக்கு ஒரு சலுகை உண்டு. யாரையும் முகத்துக்கு நேராகவே திட்டலாம். குரலைத் தாழ்த்தக்கூட வேண்டியதில்லை. பஸ்ஸில் காலை மிதித்தவரையும், மீன் பையோடு லிஃப்டில் நெருக்கியவரையும், சொத்தைக் கத்திரிக்காயைத் தள்ளிவிட்ட கடைக்காரரையும் சிரித்த முகத்தோடு தமிழில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் வங்காளியில் சௌக்கியம் விசாரிக்கலாம். என் அம்மா இதில் கைதேர்ந்தவள். டிராமில் எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாளின் புடவை ரசனையை நார்நாராகக் கிழித்துக்கொண்டே அவளுக்கு வெற்றிலை நீட்டுவாள். பவானிபூரில் பிறந்து அங்கேயே கிழவனாகிவிட்ட எனக்குத் தாய்மொழி என்பது முதலில் பத்திரமாகத் திட்டுவதற்கான வசதி. இலக்கியமெல்லாம் பிறகு வந்தது.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு எழுபத்தாறு வயதில் நான் செய்த ஒரு அற்பத்தனத்தை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு கல்லூரியில் முப்பத்துநாலு வருஷம் பௌதிகம் நடத்தினேன். நல்ல ஆசிரியன் என்றுதான் என்னைப் பற்றி எனக்கு அபிப்பிராயம். அதற்கு ஆதாரம், என் வகுப்பில் யாரும் சந்தேகம் கேட்டதில்லை. தெளிவாக நடத்தியதால் கேட்கவில்லை என்று நினைத்திருந்தேன். கேட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்ததால் கேட்கவில்லை என்பதை ஓய்வு பெற்று வெகு காலம் கழித்துத்தான் விளங்கிக்கொண்டேன். அதையும் ஒரு போன் சொல்லித்தர வேண்டியிருந்தது.

எங்கள் மாடியில் எதிர் ஃபிளாட்டில் ஒரு வங்காளிப் பெண் இருக்கிறாள். அவள் ஃபிராக் போட்டுக்கொண்டு மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கிய நாளிலிருந்து தெரியும். என் மனைவியை மாஷிமா என்பாள், என்னை மேஷோமொஷாய் என்பாள். நம் கணக்கில் சித்தியும் சித்தப்பாவும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹவுராவில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பௌதிக டீச்சராக இருந்தாள். ஊரடங்கு வந்த வருஷம் பள்ளிக்கூடம் அவளைக் கழற்றிவிட்டது. அவள் அம்மாவும் அதற்கு முந்தைய வருஷம்தான் இறந்துபோயிருந்தார். தனி ஆள். ஒரு மாதம் ஜன்னலைக்கூடத் திறக்காமல் இருந்தவள், ஒரு நாள் எங்கள் கதவைத் தட்டி, போனில் பாடம் எடுக்கப் போகிறேன், கரும்பலகையை எதன்மேல் சாய்த்து வைப்பது என்று யோசனை கேட்டாள்.

அரிசி டிரம்மின்மேல் என்று சொன்னவன் நான்தான். அவள் வீட்டில் இடுப்பளவுக்கு ஒரு தகர டிரம் இருந்தது. அதை நானே நகர்த்திக் கொடுத்தேன். பலகையைச் சாய்த்தால் டிரம் முழுக்க மறைந்துவிடும். போனில் பலகையும் அவளும் மட்டும்தான் தெரிவார்கள். போனை நிறுத்தி வைக்க உயரம் போதவில்லை என்று என் பழைய பாடப்புத்தகங்களில் ஆறு கொண்டுபோய் அடுக்கினேன். அந்தப் புத்தகங்கள் கடைசியாக யாருக்காவது உபயோகப்பட்டது அன்றைக்குத்தான்.

அவள் வங்காளியில் நடத்தினாள். எட்டு நிமிஷம், பத்து நிமிஷம். சாயங்காலம் ஐந்து மணிக்கு நேரலை. முதலில் பழைய மாணவிகள் ஏழு பேர் பார்த்தார்கள். பிறகு எங்கெங்கோ இருந்து வந்து சேர்ந்தார்கள். ஹவுராவில் லேத் பட்டறைக்குப் பின்னால் வீடு என்று சொன்ன ஒரு பெண், பட்டறைச் சத்தத்தில் காது கேட்காது என்பதால் ஒவ்வொரு பாடத்தையும் நாலு தடவை பார்ப்பதாக எழுதியிருந்தாள். முகம் தெரியாது என்ற தைரியத்தில் பிள்ளைகள் எதையும் கேட்டார்கள். "தீதி, விசை என்றால் சரியாக என்ன?" என்று பன்னிரண்டாம் வகுப்புப் பையன் அவளை அக்கா முறையில் கூப்பிட்டுக் கேட்பான். என் வகுப்பில் அதைக் கேட்டிருந்தால் அவனை ஆறாம் வகுப்புக்குத் திரும்பிப் போகச் சொல்லியிருப்பேன். அவள் சொல்லிக் கொடுத்தாள்.

இதுவரைக்கும் எனக்கு எந்த வயிற்றெரிச்சலும் இல்லை. பிரச்சினை என் சொந்த வீட்டுக்குள் ஆரம்பித்தது.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் பெங்களூருக்கு மாற்றலானபோது, பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கட்டும் என்று பேத்தியை எங்களிடம் விட்டுப்போனார்கள். வங்காளி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. அவளுக்குப் பௌதிகம் நான்தான். ஒரு நாள் சுழற்சி இயக்கத்தைப் பற்றி ஒரு மணி நேரமாக விளக்கிக்கொண்டிருந்தேன். பேத்தி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். இவ்வளவு கவனமா என்று பூரித்துப்போய்ப் பக்கத்தில் போனால், கூந்தலுக்குள் ஒரு காதில் இயர்போன். அதில் எதிர்வீட்டுக் குரல். அதே பாடம்.

கோபித்துக்கொண்டேன். அவள் பயப்படவில்லை. "தாத்தா, நீங்க சொல்றதும் நல்லாத்தான் இருக்கு. ஆனா தீதியை பட்டன் அழுத்தி நிறுத்தலாம். உங்களை நிறுத்த முடியாதே" என்றாள்.

பக்கத்து அறையில் என் மனைவி சிரித்தது கேட்டது. நாற்பத்தெட்டு வருஷமாக அவளும் அந்தப் பொத்தானைத்தான் தேடிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

மறுநாள் மத்தியானம், மனைவி கண்ணயர்ந்திருந்த நேரத்தில், நான் ஒரு புனைபெயரில் கணக்குத் தொடங்கினேன். முகத்துக்குப் பதில் ஒரு சூரிய அஸ்தமனம். எதிர்வீட்டு வகுப்பின் கீழே என் முதல் கமெண்ட்டை எழுதினேன். தமிழில். "கையெழுத்தைப் பார்த்தால் கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கிறது." அனுப்பிவிட்டு ஒரு டம்ளர் மோர் குடித்தேன். எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று வெட்கத்தோடு சொல்கிறேன். டிராமில் வெற்றிலை நீட்டிய என் அம்மாவின் மகன்தானே நான்.

பிறகு வாரத்துக்கு ஒன்று, இரண்டு. "பௌதிகத்துக்கு இன்று விடுமுறை போலிருக்கிறது." "இவ்வளவு சுலபமாகப் புரிகிறது என்றால் எதையோ விட்டுவிட்டாள் என்று அர்த்தம்." வங்காளிப் பிள்ளைகளின் கேள்விகளுக்கு நடுவே என் தமிழ் வரிகள் யாருக்கும் புரியாமல் கிடந்தன. வாழ்நாளெல்லாம் கடைசி பெஞ்சைத் திட்டியவன், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து காகித ராக்கெட் விட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் ஒவ்வொரு கமெண்ட்டுக்கும் ஒரு சிவப்பு இதயம் போட்டாள்.

ஒரு காலை வேளையில் போனை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தாள். முகமெல்லாம் சந்தோஷம். தமிழ்நாட்டிலிருந்து ஒரு பெரியவர் தன் வகுப்பைத் தவறாமல் பார்க்கிறார், மொழி தெரியாமலே பார்க்கிறார் என்றால் பௌதிகத்தில் எவ்வளவு ஆர்வம் பாருங்கள், என்ன எழுதியிருக்கிறார் என்று படித்துச் சொல்லுங்கள் மேஷோமொஷாய் என்றாள். என் வரிகளை என் கண்முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். கோழி கிளறிய குப்பையை "எழுத்து மிக அழகு" என்று மொழிபெயர்த்தேன். விடுமுறையை "இன்று பௌதிகம் பண்டிகை போல இருந்தது" என்று ஆக்கினேன். மூன்றாவதற்கு, இவ்வளவு சுலபமாகப் புரியவைப்பது அரிது என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பள்ளிக்கூடம் அனுப்பிய பிறகு யாரும் தன்னை டீச்சர் என்று மதித்து ஒரு வார்த்தை சொன்னதில்லை என்றாள். என் மனைவி அவளுக்கு ரவா கேசரி கொடுத்தாள். நானும் ஒரு கிண்ணம் சாப்பிட்டேன்.

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். மனிதனாக இருந்தால் நிறுத்தியிருப்பான்.

அவளுக்கு இன்னொரு வழக்கம் இருந்தது. கடினமான பாடம் என்றால், காலையில் அதை ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டுவந்து என்னிடம் காட்டுவாள். நான் பார்த்துவிட்டு "டீக் ஆச்சே", சரியாக இருக்கிறது, என்று சொன்ன பிறகுதான் மாலையில் நடத்துவாள். அவளுடைய வகுப்பில் தப்பே இல்லாமல் இருந்ததற்குக் காரணம் அந்தக் காகிதம்தான்.

பொதுத்தேர்வுக்கு இருபது நாள் இருந்தபோது ஒரு காகிதம் வந்தது. ஒரே எடை, ஒரே விட்டம் கொண்ட வளையத்தையும் கெட்டி உருண்டையையும் சரிவில் சேர்ந்தாற்போல உருட்டிவிட்டால் எது முதலில் கீழே வரும் என்ற கணக்கு. அவசரத்தில் ஒரு வரியில் இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு, வளையம்தான் முதலில் வரும் என்று முடித்திருந்தாள். உருண்டைதான் வரும். எந்த வரியில் சறுக்கினாள் என்பது முதல் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முந்தைய நாள்தான் பேத்தி என் நோட்ஸை ஒதுக்கிவிட்டு அவளுடைய வீடியோவிலிருந்து நோட்டு எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தேன்.

டீயை ஒரு மடக்குக் குடித்தேன். "டீக் ஆச்சே" என்றேன்.

ஐந்து மணிக்கு நேரலை. பேத்தி அவள் போனில், நான் என் போனில், தனித்தனி அறையில். எதிர்வீட்டுப் பெண் கணக்கை முடித்து, வளையம்தான் முதலில் வரும், வீட்டில் ஒரு வளையலையும் கோலியையும் உருட்டிப் பாருங்கள் என்று உற்சாகமாகச் சொன்னாள். பிள்ளைகள் உருட்டிப் பார்த்துவிட்டார்கள். "தீதி, என் கோலிதான் முதலில் வந்தது" என்று ஒருவன். "எனக்கும்." "எனக்கு மூணு தடவை." லேத் பட்டறைப் பெண்கூட எழுதினாள். எதிர்வீட்டுப் பெண் பலகையைப் பார்த்தபடி நின்றாள். ஒரு நிமிஷம் பொறுங்கள், எங்கேயோ தப்பு இருக்கிறது, கண்டுபிடிக்கிறேன் என்றாள். ஒரு நல்ல ஆசிரியர் சொல்ல வேண்டியதைத்தான் சொன்னாள்.

அந்த ஒரு நிமிஷத்தில் நான் எழுதினேன்: "பலகைக்குப் பின்னால் இருக்கும் அரிசி டிரம்முக்கு இவளைவிடப் பௌதிகம் தெரியும்."

உலகம் என்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்திருந்தது. வேற்றுமொழிக் கமெண்ட்டுகளுக்குக் கீழே "மொழிபெயர்" என்று ஒரு சின்னப் பொத்தான் வந்திருந்தது. என் போனில் அது தெரியாது. எனக்குத்தான் தமிழ் தெரியுமே, எனக்கெதற்கு? மற்ற எல்லோருடைய போனிலும் என் வரிக்குக் கீழே அது உட்கார்ந்திருந்தது. எவனோ ஒருவன் அழுத்தினான். வங்காளியில் எடுத்துப் போட்டான். அடுத்து ஒருத்தி கேட்டாள்: "தீதி, பலகைக்குப் பின்னால் நிஜமாகவே அரிசி டிரம் இருக்கிறதா?"

அவள் அதைப் படித்தாள். தன்னையறியாமல் திரும்பி, பலகையின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். அந்த ஒரு திரும்பலில் டிரம் இருப்பது ஊருக்கே உறுதியாகிவிட்டது. சிரிக்கும் பொம்மை முகங்கள் திரையில் மழையாகக் கொட்டின. அவளும் சிரிக்கப் பார்த்தாள். பிறகு கையை நீட்டிப் போனை அணைத்தாள்.

மறுநாளைக்குள் பிள்ளைகள் படம் வரைந்துவிட்டார்கள். ஓர் அரிசி டிரம் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பாடம் நடத்துகிறது. அவளுக்கு "டிரம் தீதி" என்று பெயர் வைத்தாயிற்று. அன்றைக்கு ஐந்து மணிக்கு வகுப்பு இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள், இனி வகுப்பு நடக்காது, எல்லோரும் நன்றாகப் படியுங்கள் என்று இரண்டு வரி. தேர்வுக்குப் பதினேழு நாள். கீழே லேத் பட்டறைப் பெண், அப்படியானால் நான் யாரிடம் கேட்பது என்று எழுதியிருந்தாள்.

என் மனைவி சாப்பாடு பரிமாறும்போது சாதாரணமாகத்தான் ஆரம்பித்தாள். "அந்த வீட்ல டிரம் இருக்கிறது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். எனக்குக் கமெண்ட் போடத் தெரியாது." சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினாள்.

பேத்தி எழுந்து போய்த் தன் போனை எடுத்துவந்தாள். அஸ்தமனச் சூரியனின் பழைய கமெண்ட்டுகளைத் தேடி, பொத்தானை அழுத்தி அழுத்தி, பதினோரு கமெண்ட்டையும் வாய்விட்டு வாசித்தாள். என் தமிழின் நடை நயமெல்லாம் போய், வங்காளியில் அவை வெறும் வசவாக இருந்தன. மூலத்திலும் அப்படித்தான் இருந்தன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இதையெல்லாம் அவங்க உங்ககிட்டதானே படிக்கச் சொன்னாங்க?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"அப்புறம் கேசரி சாப்பிட்டீங்க" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு அவள் என்னோடு வேறு எதுவும் பேசவில்லை.

எங்கள் வாசலுக்கும் எதிர் வாசலுக்கும் நடுவே ஆறு அடி. மறுநாள் காலை அதைக் கடக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. இரண்டு தடவை பாதியில் திரும்பி வந்து செருப்பை மாற்றினேன். அவள் கதவைத் திறந்தாள். உள்ளே பலகை சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. டிரம் மட்டும் நடுக்கூடத்தில் நின்றது. நான் தயாராக வைத்திருந்த முன்னுரையை ஆரம்பித்தேன். வயது, தனிமை, வேலை இல்லாத மனத்தின் விகாரங்கள். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். பேத்தி தேடிய அந்த நிறுத்தும் பொத்தான் அவளிடம் இருந்தது.

வங்காளியில் கேட்டாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வளையம் தப்புன்னு காலையிலேயே உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கண் மங்கல், வயது என்று தப்பித்திருக்கலாம். அவள் நம்பியிருப்பாள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

"தெரியும்" என்றேன்.

அவள் தலையை மெதுவாக ஆட்டினாள். "திட்டினதுகூடப் போகட்டும், மேஷோமொஷாய். அந்தக் காகிதத்தை உங்க கையில கொடுத்தேனே."

முப்பத்துநாலு வருஷத்தில் எத்தனையோ பேரை முட்டாள் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் தப்பைப் பார்த்துவிட்டுச் சரி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. என் தொழிலில் இருந்த ஒரே சுத்தமான பழக்கம் அது. அதையும் பொறாமையில் விற்றுவிட்டேன். வகுப்பை நிறுத்தாதே, பிள்ளைகளுக்குத் தேர்வு இருக்கிறது என்றேன். பிள்ளைகள் நான் சொன்னால் இனி நம்பமாட்டார்கள், சிரிப்பார்கள் என்றாள். பிறகு டிரம்மைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அப்ப நீங்க வந்து சொல்லுங்க. அஞ்சு மணிக்கு" என்றாள்.

இஸ்திரி போட்ட சட்டையில் போனேன். அவள் பலகையைத் திருப்பினாள். இந்த முறை டிரம்மின்மேல் சாய்க்கவில்லை. ஒரு நாற்காலியில் நிறுத்திவிட்டு, டிரம்மைப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்படி வைத்தாள். என்னை அதற்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னாள். போன் இன்னமும் என் புத்தகங்களின்மேல்தான் இருந்தது.

நான் வங்காளியில் பேசினேன். அந்தத் தமிழ்க் கமெண்ட்டுகளை எழுதியது நான், கணக்கில் தப்பு இருப்பது தெரிந்தே சரி என்று சொன்னதும் நான், உங்கள் தீதி என்னை நம்பியதுதான் அவள் செய்த ஒரே தவறு என்றேன். அங்கேயே நிறுத்தியிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். பழக்க தோஷம், ஆசிரியரின் அறம் என்று அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டேன். தாத்தாவை அங்கே தாது என்பார்கள்; திரையில் கேள்விகள் வந்துகொண்டிருந்தன. இந்த தாது யார்? டிரம் தாது! டிரம் தாது அழுகிறாரா? இடையில் ஒரு பையன் பொறுப்பாகக் கேட்டிருந்தான்: "இது பரீட்சையில் வருமா?"

எதிர்வீட்டுப் பெண் அதைப் பார்த்து, நான்கு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். "இது வராது. ஆனால் வளையமும் உருண்டையும் வரும்" என்று என்னை வெட்டிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தாள்.

சமையலறையிலிருந்து பூரிப் பலகையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். சாய்த்துப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். அவள் அம்மாவின் சங்கு வளையலையும், எங்கிருந்தோ வாங்கிவந்த ஒரு மர உருண்டையையும் மேல்விளிம்பில் வைத்து விட்டாள். உருண்டை முதலில் வந்தது. மறுபடி விட்டாள். மறுபடி உருண்டை. எந்த வரியில் தான் சறுக்கினாள் என்பதைக் கரும்பலகையில் வட்டமிட்டுக் காட்டி, எல்லோரும் இந்த இடத்தில்தான் சறுக்குவீர்கள், அதனால் ஜாக்கிரதை என்றாள். பதினோரு நிமிஷம். நான் பிடித்திருந்த பலகை சரிந்தபோது, "சார், ஆடாமல் பிடியுங்கள்" என்றாள்.

சார். மேஷோமொஷாய் அல்ல. அதை அங்கேயே, பலகையைப் பிடித்தபடி, கேட்டுக்கொண்டேன். சரிசெய்யச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

தேர்வு வரைக்கும் வகுப்பு தடையில்லாமல் நடந்தது, பிறகும் நடக்கிறது. லேத் பட்டறைப் பெண் இப்போது கல்லூரிக்குப் போகிறாளாம். பேத்தி பெங்களூருக்குப் போய்விட்டாள். போனில் என்னோடு பேசுகிறாள், சிரிக்கவும் செய்கிறாள். பால் வாங்கப் போனால் தெருமுனையில் பிள்ளைகள் "டிரம் தாது" என்கிறார்கள். முன்பு என்றால் தமிழில் ஏதாவது சொல்லியிருப்பேன். இப்போது எவன் பையில் எந்தப் பொத்தான் இருக்குமோ என்று பேசாமல் வருகிறேன். அவர்கள் வைத்த பெயரிலும் தப்பில்லை.

எதிர்வீட்டிலிருந்து என் மனைவிக்குக் கிண்ணத்தில் பாயசம் வருகிறது. எனக்குக் காகிதம் வருவதில்லை.

அஸ்தமனச் சூரியனை அழித்துவிட்டு, சொந்தப் பெயரில், சொந்த முகத்தோடு அவள் வகுப்பைப் பார்க்கிறேன். ஏதாவது தப்பு இருந்தால் வங்காளியில், எல்லோர் முன்னிலும், மரியாதையாக எழுதலாம் என்று காத்திருந்தேன். ஐந்து மாதமாக ஒன்றும் அகப்படவில்லை. போன வாரம் ஒன்று அகப்பட்டது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, நாலாவது வரியில் குறி மாறியிருக்கிறது என்று நினைக்கிறேன், தயவுசெய்து பார்க்கவும் என்று எழுதினேன்.

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. "பார்த்தேன் சார். சரியாகத்தான் இருக்கிறது. நீங்கள் மறுபடி போட்டுப் பாருங்கள்."

போட்டுப் பார்த்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவள் சொன்னதுதான் சரி.

அவள் பதிலுக்கு ஒரு சிவப்பு இதயம் போட்டேன்.